பிலோ மிஸ் வகித்த பதவி

செய்தி வந்தபோது காலி வீதியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து மிஸ்ஸின் தங்கை மகன் ஃபோன் எடுத்தான். "அங்கிள், பெரியம்மா போயிட்டாங்க" என்றான். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். ஒரு நினைவு மலரில் இதை எழுதுவது மரியாதையா என்று தெரியவில்லை. ஆனால் மிஸ்ஸை அறிந்த உங்களுக்கு விளங்கும். இனி எங்களுக்காக யார் வாய் திறப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். மிஸ் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அதன்பின் அந்த இடத்திலேயே, தெரியாத ஆட்களுக்கு நடுவே நின்று அழுதேன்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறவன் நான். அடுத்த அறையில் பிலோமினா மிஸ் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். இந்தப் பக்கத்தில் நான் இந்த நாட்டு அரசியலமைப்பை விளக்கிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து உரோம ஆட்சித் தலைவர்களான கொன்சல்மாரும் செனற்றும் வந்து விழுவார்கள். வகுப்பு முடிந்தால் இரண்டு பேரும் ஒரே பாதையில்தான் வீட்டுக்கு நடப்போம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஓர் ஏழு மாடிக் கட்டடம். நான்காம் மாடியில் அவர் வாடகைக்கு இருந்தார். ஐந்தாம் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்.

இந்தக் கட்டுரையை எழுதவேண்டாம் என்று என் மனைவி சொன்னார். இந்த மலர் எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் போகும். கட்டட நிர்வாகக் குழுவின் தலைவர் வீட்டுக்கும் போகும். "மிஸ் நல்லவா, பிள்ளையளை நல்லாப் படிப்பிச்சவா எண்டு நாலு வரி எழுதி விடுங்கோவன். அந்தப் பின்படிக் கதை எதுக்கு? நாளைக்கு வீட்டுக்காரர் எழும்பச் சொன்னா, பிள்ளையையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு எங்கை போறது?" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. வெள்ளவத்தையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் பின்படிக்கட்டை விட்டுவிட்டு மிஸ்ஸைப் பற்றி எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நாலு வரி எழுதிப் பார்த்தேன். அது வேறு யாரோ ஒரு டீச்சருக்கு எழுதியதாக இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மிஸ் பயந்தவர். துணிச்சல்காரி, சிங்கம் என்றெல்லாம் மரண வீட்டில் பேசினார்கள். பேசியவர்கள் ஒரு தடவையாவது அவரோடு லிஃப்டில் ஏறியிருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையில் செபமாலையையும் மறு கையில் பக்கத்தில் நிற்பவரின் சட்டையையும் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர் யாரென்றும் பார்க்கமாட்டார். நாய்க்குப் பயம், ரயில் பாதையைக் கடக்கப் பயம், இடிக்குப் பயம். வகுப்பின் நடுவில் இடி இடித்தால் "இயேசுவே" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அடுத்த இடிக்கு மறுபடியும் "இயேசுவே".

அவருடைய அப்பா கொட்டாஞ்சேனையில் மலர்ச்சாலை நடத்தியவர். கீழே கடை, மேலே குடும்பம். "கீழ சவப்பெட்டி, மேல எங்க கட்டில். பழகியிருக்கணும்தானே சிவா? பழகல்ல" என்பார்.

அந்த அப்பாவைப் பற்றி அவர் சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. இரண்டு வகுப்புகளுக்கு இடையில் பக்கத்துச் சைவக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். மாநகர சபைத் தேர்தல் நேரம். கடைச் சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள்.

"சிவா, உரோமாபுரியில நீங்க பதவிக்கு நிக்கலாமா?" என்று கேட்டார்.

"ஏன், எனக்கென்ன குறை?"

"சரி, பார்ப்பம். ஒரு காலத்தில பத்து வருசம் படையில இருந்தவன்தான் கேட்கலாம். இருந்தீங்களா?"

"படையைக் கண்டா நான் ரோட்டுக்கு மற்றப் பக்கம் போறவன் மிஸ்."

"அது சரி வராது. வயசு? கீழ்ப்பதவிக்கு முப்பது, கொன்சலுக்கு நாப்பத்திரண்டு. அது சரி. காணி பூமி?"

"யாழ்ப்பாணத்தில ஒரு பங்குக் கிணறு இருக்கு. அதில எங்களுக்கு எட்டில ஒண்டு."

அவர் சிரித்ததில் பிளேன்ரீ புரையேறியது. இருமி முடித்து, பதவிக்கு நிற்க முடியாதவர்களைச் சொல்லிக்கொண்டே போனார். அடிமைக்கு நினைத்தும் பார்க்க முடியாது. விடுதலையான அடிமைக்கும் இல்லை, அவனுடைய மகனுக்கு வேண்டுமானால் ஒரு வழி உண்டு. மேடையில் நடிக்கிறவனுக்கு இல்லை. களத்தில் காசுக்காகச் சண்டை பிடிக்கிறவனுக்கு இல்லை. ஏலம் கூறுகிறவனும், பிரேதம் எடுக்கும் தொழில் செய்கிறவனும் அந்தத் தொழிலை விடும்வரை சின்ன ஊர்ச்சபைக்குக்கூட நிற்க முடியாது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா அந்தப் பக்கத்துச் சனம் அவ்வளவுக்கும் பெட்டி குடுத்தார். ராத்திரி எத்தனை மணிக்குத் தட்டினாலும் எழும்புவார். கல்யாண வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் அவரைக் கூப்பிடல்ல. வந்தா சகுனம் சரியில்லையாம்."

"பொம்பிளையள் நிக்கலாமோ மிஸ்?" என்று பேச்சை மாற்றினேன்.

"வாக்கும் இல்ல, பதவியும் இல்ல. நானும் உங்க வைஃப்பும் வாசல்ல நின்டு பார்க்கலாம்" என்றார்.

இனிப் படிக்கட்டுக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்தில் ஓர் அவசரப் படிக்கட்டு இருக்கிறது. நெருப்பு பிடித்தால் இறங்குவதற்குக் கட்டியது. அதன் கீழ்ப்பகுதியில் நிர்வாகக் குழுத் தலைவர் தன்னுடைய புடைவைக் கடைப் பொதிகளை அடுக்கி வைத்திருந்தார். நிலத்தளத்து இரும்புக் கதவுக்கு ஆமைப்பூட்டும் போட்டிருந்தார். சாமான் களவு போகாமல் இருக்கத்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அவருக்கு அந்தக் கட்டடத்தில் சொந்தமாக வீடுகள் இருக்கின்றன, எங்களில் பலருக்கு அவர்தான் வீடு பார்த்துத் தந்தவர்.

கரண்ட் போன ஒரு பின்னேரம், கீழே ஜெனரேட்டர் அறையில் தீப்பிடித்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. முன்படிக்கட்டு முழுக்கக் கறுத்த புகை. நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தூக்கும் பாரமா? எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மனைவி என் பின்னால். எல்லோரும் பின்படிக்கட்டால் இருட்டில் இறங்கினோம். முதலாம் மாடிக்குக் கீழே கால் மெத்தென்று எதிலோ புதைந்தது. பொதிகள். அவற்றின் மேல் ஏறி விழுந்து கதவுக்குப் போனோம். கதவு பூட்டு.

பின்னால் இறங்கி வந்தவர்கள் எங்களை நெருக்கினார்கள். புகை மெல்ல மெல்ல அந்தப் பக்கமும் வந்தது. சுற்றிவரத் துணி. யாரோ கதவை அடித்தார்கள், யாரோ பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். மிஸ் என் தோளைப் பிடித்திருந்தார். அவருடைய பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. கட்டடக் காவலுக்கு நிற்கும் வோச்சர், தலைவரின் கடைக்கு ஓடிப்போய்த் திறப்பு வாங்கி வந்து திறக்கும்வரை அப்படியே நின்றோம். தீ பெரிதாகவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்ததும் மிஸ் ஒழுங்கை ஓரத்தில் குந்தியிருந்து சத்தி எடுத்தார்.

அடுத்த கிழமை மொட்டைமாடியில் கூட்டம். கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம் என்று வாடகைக்கு இருக்கிற நாங்களும் போனோம். தலைவர் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார். கதிரை தந்தார், சோடா தந்தார். பிறகு சொன்னார்: "இது வீட்டுச் சொந்தக்காரற்றை கூட்டம். குழுவில இருக்கிறதும் கதைக்கிறதும் அவைதான். உங்களுக்குக் குறை இருந்தா உங்கடை ஓனரிட்டைச் சொல்லுங்கோ, அவை எங்களிட்டைச் சொல்லட்டும். ஒழுங்கு அப்பிடித்தான்."

எங்கள் ஓனர்மார் கனடாவில், லண்டனில், சிட்னியில். நாங்கள் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்போது பக்கத்தில் ஒரு நடுங்கிய குரல் கேட்டது.

"அப்ப நெருப்பு வந்தா, கனடாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டுட்டுத்தான் நாங்க ஓடணுமா?"

மிஸ்தான். சொல்லிவிட்டு உடனே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரரில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. அதோடு தலைவருக்கு மிஸ் எதிரியாகிவிட்டார்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மிஸ்ஸின் வீட்டில் கூடினோம். மூன்றாம் மாடி நஸ்ரினும் வந்தார். அவர் மாளிகாவத்தைக்காரர், வீட்டில் கேக் செய்து விற்கிறவர். "மிஸ், அந்த ரோமாபுரியில இப்பிடி ஒன்னுக்கும் ஏலாத சனம் என்ன செஞ்சிச்சி?" என்று கேட்டது அவர்தான். மிஸ் நாகரிகப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். நான் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பலமுறை கேட்ட பாடம். அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன்.

முதலில் எல்லாப் பதவியும் பற்றீசியர் என்ற பெரிய குடும்பங்களிடமே இருந்தன. மற்றச் சனம், பிளெபியர், சண்டைக்கு மட்டும் தேவைப்பட்டார்கள். ஒருநாள் அந்தச் சனம் ஒருவரையும் அடிக்காமல், ஒன்றையும் எரிக்காமல், நகரத்தை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் இருந்துவிட்டது. நகரம் வெறித்துப்போனது. பெரியவர்கள் பயந்துபோய் இறங்கி வந்தார்கள். அப்போது உண்டான பதவிதான் திரிபியூன்.

"அதில ஒரு விசேஷம். பற்றீசியனுக்கு அந்தப் பதவி இல்ல. எவ்வளவு காசு இருந்தாலும், எந்தப் பெரிய வீட்டில பிறந்தாலும் நிக்க ஏலாது. இல்லாதவங்களுக்கு மட்டும்தான். திரிபியூன் 'கூடாது' என்டா கொன்சலும் நிக்கணும். அவன் மேல ஒருத்தரும் கை வைக்க ஏலாது."

"ஏன், சட்டமோ?" என்றேன்.

"சட்டம் பிறகு. முதல்ல சத்தியம். 'இவனைத் தொட்டவனை நாங்க விடமாட்டம்' என்டு சனம் சத்தியம் பண்ணிச்சு. அவ்வளவுதான் அவனுக்குக் காவல். சனம் சத்தியத்தை விட்டா அவன் வெறும் ஆள், சிவா."

நஸ்ரின் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கதான் மிஸ் எங்கட திரிபியூன்" என்றார். நாங்கள் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை.

"ஐயோ நான் வேணாம். எனக்குப் பயம். திரிபியூன்ட வீட்டுக் கதவு ராவும் பகலும் திறந்து கிடக்கணும். கள்ளன் வருவான்."

"பெல் அடிச்சா திறந்தா போதும்" என்று நஸ்ரின் சலுகை கொடுத்தார்.

அப்படித்தான் அது நடந்தது. வேடிக்கையாகத் தொடங்கியது, முடியும்போது ஒருவரும் வேடிக்கை பார்க்கவில்லை. மிஸ் கையை நீட்டினார். ஒவ்வொருவராக வந்து அவருடைய உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினோம்: மிஸ்ஸை வீட்டை விட்டு எழுப்பினால் நாங்களும் எழும்புவோம். கடைசி ஆள் அடிக்கும்போது அந்தக் கை சிவந்திருந்தது. என் மனைவி அடிக்கவில்லை. குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். நான் கூப்பிடவும் இல்லை.

பத்து நாள் போயிருக்கும். மிஸ் எங்கள் வீட்டு மணியை அடித்தார். படியேறி வந்த மூச்சு அடங்கவில்லை, கையில் ஃபோன். கனடாவிலிருந்து அவருடைய ஓனர் எடுத்து, மாத முடிவில் வீட்டை விடச் சொல்லிவிட்டாராம். காரணம் சொல்லவில்லை. "எனக்கு எங்க போறது என்டு தெரியல்ல சிவா. தங்கச்சி வீட்டில ரெண்டு ரூம், ஆறு பேர்" என்றார். சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கப் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டு நாங்கள் இல்லை என்றால்?

நான் லண்டனிலிருக்கும் எங்கள் ஓனருக்கு எடுத்தேன். "அண்ணை, பிலோ மிஸ்ஸை எழுப்பினா நாங்களும் எழும்புறம்" என்றேன். "என்ன தம்பி, விசர்க்கதை கதைக்கிறீர்? உமக்கென்ன அதில?" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன். மற்றவர்களும் தங்கள் தங்கள் ஓனருக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எடுத்தார்களா என்று யாருக்குத் தெரியும்? சொல்வது சுலபம். ஆகவே நஸ்ரின் ஒரு யோசனை சொன்னார்: இன்றைக்குப் பொழுதுபடும்போது எல்லோரும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போவோம். வருகிறவர்கள் யார், வராதவர்கள் யார் என்று நேரே தெரிந்துவிடும்.

நானும் மிஸ்ஸும் முதலில் போனோம். ரயில் பாதையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தார். கடற்கரையில் ஒருவரும் இல்லை. கல்லில் இருந்தோம். சூரியன் இறங்கியது. ஒருவரும் வரவில்லை. மிஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எனக்கு வந்த பயம் புகைக்குள் நின்றபோதுகூட வந்ததில்லை. வாடகை வீடு போகும் என்ற பயம் மட்டும் அல்ல. இரண்டு பேராகத்தான் இருக்கிறோம், இனிமேலும் இரண்டு பேர்தான் என்ற பயம்.

பிறகு பாயும் பிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு நஸ்ரின் பாதையைக் கடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஆறாம் மாடிக் கிழவர், மகனின் கையில் தொங்கிக்கொண்டு. பிறகு ஒரு குடும்பம், இன்னொரு குடும்பம். பிளாஸ்டிக் கதிரைகள், கைக்குழந்தைகள், யாரோ ஒருவரின் சாப்பாட்டுக் கரியர். என் மனைவியும் மகளோடு வந்தார். ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார். திரும்பிப் பார்த்தால் கட்டடத்தின் கடல் பக்கம் முழுக்க இருட்டு. தலைவரின் வீட்டில் மட்டும் விளக்கு.

இத்தனை தமிழ்ச் சனம் பொழுதுபட்ட நேரத்தில் ஒரே இடத்தில் கூடியிருப்பதைக் கண்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. அது எந்த அரசாங்கம் மாறினாலும் போகாது. ரயில் பாதை வழியே இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். "மொகத மே?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார், என்ன இது என்று. மிஸ் எழும்பினார்.

"கெதர ரஸ்னெய் மாத்தயா. ஹுலங் கன்ன ஆவா" என்றார். வீடு சூடு, காற்று வாங்க வந்தோமாம்.

பொலிஸ்காரர் இருண்ட கட்டடத்தையும் எங்களையும் பார்த்தார். அவருக்கு வீட்டில் என்ன நிலைமையோ, தலையை ஆட்டினார். பிள்ளைகளை ரயில் பாதைக்குக் கிட்டே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மிஸ் இருந்த இடத்தில் அப்படியே சரிந்து, "யாராவது தண்ணி தாங்க" என்றார்.

அதற்குள் ஃபோன்கள் அடிக்கத் தொடங்கின. லண்டன், சிட்னி, கனடா. வாடகை வீடெல்லாம் ஒரே மாதத்தில் காலியானால் என்ன செய்வது என்று ஓனர்மார் ஒருவரையொருவர் விசாரித்து, கடைசியில் தலைவரைப் பிடித்து உலுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலை ஒரு லொறி வந்து புடைவைப் பொதிகளை ஏற்றிக்கொண்டு போனது. பூட்டும் போனது. கனடாக்காரர் மிஸ்ஸுக்கு எடுத்து, "நீங்க இருங்கோ டீச்சர், ஏதோ விளக்கக் குறைவு" என்றாராம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மிஸ் அந்தப் படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை இறங்கிப் பார்ப்பார். பழைய கதிரை, சைக்கிள், பூச்சாடி எது இருந்தாலும் அந்த வீட்டு மணியை அடிப்பார். எங்கள் சைக்கிளுக்கும் ஒருநாள் அடித்தார். ஆள் தெரிந்தவர் என்று விடமாட்டார். இருட்டுக்குப் பயம் என்பதால் இறங்கும்போது சத்தமாகச் செபம் சொல்லிக்கொண்டே இறங்குவார். "அருள் நிறைந்த மரியே" ஏழாம் மாடியில் தொடங்கி எங்கள் குசினிச் சுவருக்குப் பின்னால் தேய்ந்து போகும். தலைவரைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் செபமாலையைத் தேடுவார். ஒருநாள் கேட்டேன், இவ்வளவு பயத்தோடு ஏன் மிஸ் இந்தப் பதவி என்று. "பயம் இல்லாதவனுக்கு இந்த வேலையைக் குடுக்கக்கூடாது சிவா. அவன் நெருப்பை மறந்துடுவான்" என்றார்.

டெங்கு அவரைக் கொண்டுபோனது. காய்ச்சல் என்று தங்கை வீட்டுக்குப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. கடைசிக்கு முதல் நாள் பார்க்கப் போனேன். நோகாமல் பேசவேண்டும் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சை வெட்டினார். "எனக்குச் சாகப் பயமா இருக்கு சிவா. பெட்டிக்கு மேல படுத்து வளந்தவ, இப்பவும் பயமா இருக்கு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் பயந்துபோய்த்தான் இருந்தேன், அதை அவரிடம் சொன்னேன். அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

தலைவர் மரண வீட்டுக்கு வந்தார். பெரிய மலர்வளையம் கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார். அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அடக்கம் முடிந்து நாங்கள் வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது பின்படிக்கட்டில் பொதிகள் இருந்தன. இரண்டாம் மாடி வரைக்கும். கதவில் புதுப் பூட்டு.

போன கிழமை அவரை லிஃப்ட் வாசலில் கண்டேன். கேட்டேன், கேட்டேன் என்றும் சொல்லமுடியாது, வாய்க்குள் எதையோ முனகினேன். தோளில் தட்டினார். "தம்பி, வியாபாரச் சீசன் முடியட்டும். நெருப்பு என்ன, நாள் பாத்தே வரப்போகுது?" என்றார். லிஃப்ட் மூடியது.

வாடகைக்கு இருப்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நஸ்ரின் நேரேயே கேட்டுவிட்டார்: "சேர், இனி நீங்கதானே?" எனக்கு வயது சரி. சொந்த வீடு இல்லை, அந்தப் பதவிக்கு அதுதான் முக்கியத் தகுதி. பயமும் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பயம்தான். முன்பும் என்னிடம் இருந்தது, ஆனால் அது வாயை மூடும் பயம். அவர் காட்டித் தந்தது வேறு. அது மணியை அடிக்கப் போகும் பயம். அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே இதை அறிவித்தலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் தலைவரின் வீட்டுக்குப் போய், பொதிகளை எடுத்து அந்தக் கதவைத் திறந்துவிடும்படி கேட்கப்போகிறேன். தலைவர் அவர்களே, நீங்களும் இதை வாசிப்பீர்கள், மறைத்துச் செய்யவில்லை. தனியாக வந்தால் நீங்கள் தோளில் தட்டி அனுப்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, அச்சுக்குக் கொடுக்க முன் என் மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மேசையில் இருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். மகளின் சீருடையை மடித்து வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை வாசித்தார்.

"நஸ்ரினுக்குப் பேர் இருக்கு. மிஸ்ஸுக்குப் பேர் இருக்கு. எனக்கு மட்டும் மனைவி, மனைவி எண்டு எழுதியிருக்கிறியள்" என்றார்.

"உமக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது எண்டுதான்."

"நான் அண்டைக்குக் கையில அடிக்கேல்லை. பயந்துதான் குசினியில நிண்டனான்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கிற மனிசனுக்கு ஆர் வந்து நிக்கினம் எண்டு தெரியவேணும். போடுங்கோ என்ரை பேரை."

என் மனைவியின் பெயர் தர்ஷினி. நாங்கள் இரண்டு பேர் வருகிறோம்.